அப்பாவுக்காக இடித்த திண்ணை

அப்பாவுக்கு இடது பக்கம் வாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மூன்றாவது மாதமே முகாமில் வீல்சேர் கொடுத்துவிட்டார்கள், காசில்லாமல். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் செல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படி, தெருவில் இருந்து 15 அங்குல உயரம். பாத்ரூம் கதவு 2 அடி, வண்டியின் அகலம் 25 அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்காகத் தினமும் காலையில் நானும் தம்பியும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தோம். கூச்சத்தில் அவர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். நீர்க்கடுப்பு வந்து படுத்த பிறகுதான் அது எங்களுக்கே தெரிந்தது.

சாய்தளம் போடக் கொத்தனாரைக் கூப்பிட்டோம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு, அப்படியென்றால் எங்களுக்கு 15 அடி வேண்டும், தெருவே 10 அடிதான். கடைசியில் திண்ணையில் கை வைத்தோம். அப்பா முப்பது வருஷமாகப் பேப்பர் படித்த திண்ணை, அவரே "இடிங்கப்பா" என்றார். அதிலும் 8 அடிதான் கிடைத்தது, சரிவு அதிகம், இறக்கும்போது வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும், ஒருவர் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும். நிலைவாசலை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை, மஞ்சள் குங்குமம் வைத்த படி. அதனால் இரண்டு பக்கமும் சிமெண்டைச் சரித்துப் பூசினார் கொத்தனார். பாத்ரூம் நிலையை 3 அடியாக மாற்றி, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்தோம். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்.

வேலையைத் தொடங்கும் முன் இதற்கு அரசு உதவி உண்டா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "சேர் இருக்கு, ஸ்டிக் இருக்கு, வீட்டுக்குன்னு எதுவும் இல்லையேம்மா" என்றார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய்தான். அதை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இந்த 42,000 என்பது 21 மாதப் பணம்.

என் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே இதற்கென்றே ஒரு மானியம் இருக்கிறதாம். ஆள் வீட்டுக்கே வந்து, எப்படிக் குளிக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, என்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். 30,000 பவுண்டு வரை கிடைக்கும், பெரியவர்களுக்கு வருமானம் பார்ப்பார்கள், குழந்தைகளுக்குப் பார்ப்பதில்லை, வாடகை வீட்டில் இருப்பவரும் கேட்கலாம். விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவ்வளவு பணம் இங்கே யாரும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது, வீட்டுக்கு வந்து பார்ப்பதுதான்.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டு வசதித் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது. 2017 முதல் வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியவர்களுக்கு ஊன்றுகோல், வீல்சேர், காது மிஷின் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டின் படியை, கக்கூஸை யார் மாற்றித் தருவது? வண்டி கொடுக்கும்போதே ஒருவர் டேப்போடு வந்து வாசலையும் கதவையும் அளந்து, கொத்தனார் செலவுக்கும் ஒரு தொகை கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. புது வீடு என்றால் இன்னும் சுலபம். கலைஞர் கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம் கொடுக்கிறார்கள், 360 சதுர அடி. அதில் கதவை 3 அடியாக முதலிலேயே வைத்துவிட்டால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது, பின்னால் உடைத்து வைப்பதுதான் செலவு.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம். அவர் வாசலில் மூன்று படி, போன வாரம் அளந்தேன், 22 அங்குலம், திண்ணையும் இல்லை. வீல்சேர் மடித்தபடி கட்டிலுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. வருகிற திங்கட்கிழமை அவர் மகனோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு போகிறேன். படி உயரம், கதவு அகலம், தெரு அகலம் மூன்றையும் எழுதி, போட்டோவும் ஒட்டியிருக்கிறோம்.