இக்னிஷன் சுவிட்ச் இனி சுற்றாது

படகு டேஷ்போர்டில் ஆடிக்கொண்டிருந்த இக்னிஷன் சுவிட்ச் ஒருவழியாக அசையாமல் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் இப்போது சாவி மட்டும்தான் திரும்புகிறது. முன்பு மொத்த சுவிட்சும் கூடவே சுற்றும், ஸ்டார்ட் நிலையை எட்டுவதற்குள் கை மணிக்கட்டு முறுகிவிடும்.

இப்படி ஆடும் சுவிட்சைப் பார்த்தால் எல்லோரும் முன்பக்க நட்டைத்தான் இறுக்குகிறார்கள். அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். டேஷ்போர்டு துளை வழியாக நுழையும் சுவிட்சின் மரைக் கழுத்தில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். அந்தத் தட்டையான பக்கம் டேஷ்போர்டு துளையில் முட்டி நிற்பதால்தான் சுவிட்ச் சுற்றாமல் இருக்கிறது. ஃபைபர் துளை தேய்ந்து முழு வட்டமாகிவிட்டால் முட்டி நிற்க எதுவும் இல்லை. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் எஞ்சின் அதிர்வில் திரும்பக் கழன்றுவிடும்.

அதனால் பின்பக்கம் 2 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று வைத்தேன். தடிமனான தகடு இன்னும் உறுதிதான், ஆனால் முன் நட்டு பிடிக்க மரை மிஞ்சாது. என் சுவிட்சின் கழுத்து 19 மி.மீ. விட்டம், தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 17.5. தகட்டில் முதலில் 16 மி.மீ. துளை. தட்டைப் பக்கம் வரவேண்டிய இடத்தை இந்தத் துளை சரியாகத் தொட்டு நிற்கும். அங்கே ஒரு நேர்கோடு கிழித்துக்கொண்டு, அதைத் தொடாமல் மற்ற பக்கங்களை மட்டும் அரைவட்ட அரத்தால் ராவ வேண்டும். வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாலு தடவை ராவு, துளை விளிம்பில் மார்க்கர் மை பூசிக் கழுத்தை நுழைத்துப் பார், பிடிக்கிற இடத்தில் மை தேய்ந்திருக்கும், அங்கே மட்டும் மறுபடி ராவு. அவசரப்பட்டு அரை மி.மீ. கூடுதலாக எடுத்தால் ஆட்டம் திரும்ப வந்துவிடும். என்னுடையது விரலால் அழுத்தினால் நுழைகிறது, திருப்பினால் துளியும் அசையவில்லை. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது!

தகட்டை இரண்டு சிறிய ஸ்டெயின்லெஸ் திருகுகளாலும் எபாக்சியாலும் பிடித்தாயிற்று. முன் நட்டில் ஸ்பேனர் பிடிக்காது, இரண்டு காடிகள்தான் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டினால் காடி சிதையும், ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டும் கீறும். சர்க்ளிப் பிளையரின் இரு முனைகளும் அதில் அழகாக உட்காருகின்றன. நட்டு கழலாமல் இருக்க மரைக்குப் போடும் பசை தேவைப்படவில்லை. நட்டோ சுவிட்ச் உடலோ பிளாஸ்டிக்காக இருந்தால் போடவே கூடாது, சில வகைப் பிளாஸ்டிக் அதில் வெடிப்பு விடும்.

சுவிட்ச் சுற்றிச் சுற்றிப் பின்னாலிருந்த ஒயர்களையும் முறுக்கியிருந்தது. மேக்னெட்டோ வகை (தீப்பொறிக்கான மின்சாரத்தை எஞ்சினே உண்டாக்கும்) அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்கள், சுவிட்சின் பின்னால் M என்று குறித்திருக்கும் எம் முனையைக் கட்டாயம் பாருங்கள். எஞ்சினை நிறுத்துவதே அந்த இணைப்புதான். அது அறுந்தால் சாவியை அணைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். ஆஃப் நிலையில் இரண்டு எம் முனைகளும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன, ஆன் நிலையில் பிரிந்தன. சுவிட்ச் நல்லதுதான், மாற்ற வேண்டியதில்லை.

நட்டு மட்டும் தேடியவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் முழு சுவிட்சாகத்தான் விற்கிறார்கள். கார், டிராக்டர் சுவிட்சுகள் பார்ப்பதற்கு அச்சாக இப்படியே இருக்கும். அவற்றில் பொதுவாக இந்த எம் முனைகள் இருக்காது, வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், சாவியில் தொங்கிய கனமான மிதவைக் கொத்தைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு அலைக்கும் அது ஆடி சுவிட்சை இழுத்துக்கொண்டிருந்தது. சின்ன ஃபோம் மிதவை ஒன்று போதும்.

இன்னும் ஸ்டார்ட் ஒயரின் முனையை மாற்றவில்லை. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் வந்ததும் அது முடியும். அதே கையோடு பியூஸ் பெட்டியையும் டேஷ்போர்டுக்குக் கீழே ஈரம் படாத மூலைக்கு நகர்த்தப் போகிறேன். அளவெடுத்து அட்டையில் வெட்டி வைத்தாயிற்று.