இங்கிலாந்தில் மேல்முறையீடு செய்யவே அனுமதி வேண்டும்

லெஸ்டரில் வாடகைக்கு இருந்த என் சித்தி மகள், முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் மீது தொடுத்த வழக்கில் தோற்றதும், மேல்முறையீடு செய்யலாமா என்று கோத்தகிரிக்குத் தொலைபேசியில் கேட்டாள். உதகை நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு முதல் மேல்முறையீடு பொதுவாக ஓர் உரிமை. சாட்சியங்களையும் மேல் நீதிமன்றம் மறுபடி அலசும். அங்கே நிலைமை வேறு.

10,000 பவுண்டு வரையிலான சாதாரணப் பண வழக்குகள் உரிமையியல் வழக்குகளுக்கான கவுண்டி நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில், பெரும்பாலும் மாவட்ட நீதிபதி முன் நடக்கின்றன. அவருடைய தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டை அதே நீதிமன்றத்தில் அவரைவிட மேல்நிலையில் உள்ள சர்க்யூட் நீதிபதி கேட்பார். ஆனால் அதற்கு முன், வெற்றி பெற உண்மையான வாய்ப்பு உண்டு என்றோ, விசாரித்தே ஆக வேண்டிய வேறு வலுவான காரணம் உண்டு என்றோ காட்டி அனுமதி பெற வேண்டும். தீர்ப்பளித்த நீதிபதியிடமே அன்றைக்கே அனுமதி கேட்கலாம். அவர் மறுத்தால் மேலே கேட்கலாம். நீதிபதி வேறு கெடு விதிக்காவிட்டால் மேல்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்ய 21 நாட்கள்தான். அதுவும் ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து. இதைத்தான் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மேல்முறையீடு மறுவிசாரணையும் அல்ல. தீர்ப்பு தவறு என்றோ, நடைமுறையில் நேர்ந்த கடுமையான குறைபாட்டால் அநீதி விளைந்தது என்றோ நிறுவ வேண்டும். புதிய சாட்சியத்துக்கு எளிதில் இடமில்லை. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு நிபந்தனை இன்னும் கடுமை. 2009 அக்டோபரில் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையிடமிருந்து இறுதி மேல்முறையீட்டுப் பொறுப்பை ஏற்ற உச்ச நீதிமன்றம் வரை போகும் வழக்குகள் மிகச் சில. சிறு வழக்கில் தோற்றவர் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவைப் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை என்பதும், அந்த விதி மேல்முறையீட்டுக்கும் பொருந்துவதும் அவளுக்குப் பெரிய ஆறுதல்.