சோவியத் என்றால் நாடு மட்டுமா?

நேற்று அம்மாப்பேட்டையில் மாமாவின் தறிக்குழி ஓரம் உட்கார்ந்திருந்தேன். "சோவியத்னா ஒரு நாட்டுப் பேருதானே மாப்ள?" என்றார். இல்லை மாமா, அந்தச் சொல்லுக்கே 'ஆலோசனைக் குழு' என்றுதான் அர்த்தம் என்றேன்.

1905 மே மாதம், ரஷ்யாவின் இவானோவோவில் துணி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை நடத்த ஆலைவாரியாக ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். தால்கா ஆற்றங்கரையில் கூட்டம். அப்படிக் கூடிய குழுதான் சோவியத். நம்மைப் போல நூலோடு பிழைத்தவர்கள்தான். 1917 புரட்சியில் இதே வடிவம் அன்றைய தலைநகர் பெத்ரோகிராதில் திரும்ப வந்தது. அனுப்பிய ஆள் சரியில்லை என்றால் தவணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், நடுவிலேயே திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

மாமா நாடாவை நிறுத்திவிட்டார். "நடுவுலயேவா?" அவருடைய சங்கத்துக் கதை அவருக்கு.

"அப்புறம் என்னாச்சு?"

உள்நாட்டுப் போர், பஞ்சம். அதிகாரம் சோவியத்துகளிடமிருந்து ஆட்சியிலிருந்த போல்ஷெவிக் கட்சிக்கும் நிர்வாகிகளுக்கும் போனது. 1921இல் குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள் 'ரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்குப் புதுத் தேர்தல் வை' என்று கேட்டார்கள். ஆட்சியாளர்கள் படை அனுப்பி ஒடுக்கினார்கள். போர்க்காலம் என்று சிலர் நியாயம் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை.

மாமா ஒன்றும் பேசவில்லை. தாரில் நூல் தீர்ந்துபோயிருந்தது, மாற்றிக்கொண்டிருந்தார்.