வடகடல் ஓரத்துத் தரிசு மனையைத் தொழிலுக்கு மீட்ட அனுபவம்

உச்சிப்புளிக்கு வடக்கே, நாங்கள் வடகடல் என்று அழைக்கும் பாக் விரிகுடாவிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான தொழில் மனை ஒன்று சீமைக் கருவேலம் மண்டிக் கால் நூற்றாண்டாகக் கிடந்தது. இறால் பண்ணைகள் பெருகிய நாளில் உறைபதன ஆலைக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அது. 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் பண்ணைகளை அழித்தது. கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோரப் பட்டையான கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகளைத் தடுத்து 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைக்கு வர வேண்டிய சரக்கு நின்றது, ஆலையும் நின்றது. இன்று அதே இடத்தில் கடற்பாசி உலர்த்தும் கொட்டகையும், கருவாடு தரம் பிரித்துப் பொதியும் கூடமும், மிளகாய் அரைக்கும் ஆலையும், பைபர் படகு பழுதுபார்க்கும் பட்டறையும் இயங்குகின்றன. இதைப் போன்ற மனைகள் இக்கரையில் இன்னும் இருப்பதால், நாங்கள் கடந்து வந்த வழியை விரிவாக எழுதுவது பயன்படும் என்று நம்புகிறேன்.

காலி நிலம் என்றதும் பெரிய ஆலை ஒன்று வர வேண்டும் என்றே இங்கு பேசத் தொடங்குவார்கள். உப்பூரில் தலா 800 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளுடன் அனல் மின் நிலையம் அமைக்க நிலம் எடுக்கப்பட்டு, கட்டுமானமும் நடந்துகொண்டிருந்த நிலையில், 2021இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததை நாங்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள். ஒற்றை ஆலையை நம்பி ஒரு வட்டாரத்தின் எதிர்காலத்தை ஒப்படைப்பது சரியல்ல என்பது அப்போதே என் மனத்தில் உறுதிப்பட்டது. இந்தக் கரையில் ஏற்கெனவே நடக்கும் தொழில்களுக்குக் கூரையும் மின்சாரமும் சிக்கலற்ற பத்திரமும் கிடைத்தால், புதிதாக எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை என்பதே மனையை எடுக்க முன்வந்த எங்கள் உறுப்பினர் குழுவின் நிலைப்பாடாக இருந்தது.

பாசித் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் ஏறத்தாழ 60 கிலோ கப்பாபைகஸ் என்னும் வளர்ப்புப் பாசியின் விதைப்பாசியைக் கட்டி விட்டால் 45 நாளில் 250 கிலோ அளவுக்கு அறுவடையாகும். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். அந்தக் காய்ந்த பாசியும், பெண்கள் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் மூட்டையாகக் கட்டப்பட்டு வெளியூர் லாரியில் ஏறிவிடும். மரிக்கொழுந்திலிருந்து அகார் என்னும் கூழ்ப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் பெரும்பாலும் மதுரைப் பக்கம் இருக்கின்றன. உழைப்பு இங்கே, மதிப்புக் கூடும் இடம் வேறெங்கோ. பேச்சுவார்த்தைக்காகத் தங்கச்சிமடம் சென்றிருந்தபோது, முப்பது ஆண்டுகளாகப் பாசி எடுக்கும் ஓர் அக்கா கேட்டது எங்கள் திட்டத்தின் வடிவத்தையே மாற்றியது: “தம்பி, மிஷின் எல்லாம் பெறகு பாக்கலாம். மழை தூறுனா அள்ளிப் போட ஒரு கூரை இருக்குமா, அதைச் சொல்லுங்க.” காயும் பாசியில் மழைநீர் பட்டால் நிறம் வெளுத்துத் தரம் இறங்கிவிடும், மணலில் பரப்பிக் காயவைத்தால் மணலுக்கும் ஈரத்துக்கும் வியாபாரி எடையில் கழிப்பார். ஆகவே தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வலைப் பரண்களும், அவற்றின் மேல் ஒளி ஊடுருவும் கூரையும் கொண்ட கொட்டகையே எங்கள் முதல் கட்டுமானம் என்று முடிவாயிற்று.

அந்த முடிவுக்கும் முதல் தூண் நடுவதற்கும் இடையில் இருந்த தொலைவு மிக நீண்டது. முதல் சிக்கல் மனையின் உரிமை. தரையில் காலியாகக் கிடந்த இடம், காகிதத்தில் காலியாக இல்லை. ஒதுக்கீடு பழைய நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்த நிறுவனம் ஒதுக்கீட்டு உரிமையை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தது. வங்கி, நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற இடமளிக்கும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்து, சொத்தைக் காகித அளவில் கைப்பற்றிய பிறகு வாங்குவோர் இன்றி விட்டுவிட்டது. மனையை ஒதுக்கியவர்களோ, குறித்த காலத்துக்குள் தொழில் நடத்தாததால் ஒதுக்கீட்டை ரத்து செய்யும் உரிமை தங்களுக்கு உண்டு என்றும், ஆனால் வங்கியின் பற்று இருக்கும்வரை ரத்து செய்ய இயலாது என்றும் கூறினர். இரு தரப்பும் மற்றவரின் கடிதத்துக்காகக் காத்திருந்தன. நாங்கள் செய்தது இவ்வளவே: வில்லங்கச் சான்றிதழ், புல வரைபடம், அ-பதிவேட்டு நகல், பழைய ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றை ஒரே கோப்பாக்கி, மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக தொழில் அனுமதிகளை ஒரே இடத்தில் பார்க்கும், ஆட்சியர் தலைமையிலான ஒற்றைச் சாளரக் குழுக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்க்கச் செய்து, இரு தரப்பு அலுவலர்களும் ஒரே மேசையில் அமரும் நாளை உருவாக்கினோம். நிலத்துக்கான விலையை மனையை ஒதுக்கியவர்களே நிர்ணயித்து, அதிலிருந்து வங்கியின் பற்று முதலில் கழிய வேண்டும் என்ற உடன்பாடு அந்த மேசையில்தான் பிறந்தது. எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த மானியமும் செய்திருக்காது.

பத்திரம் தெளிந்த பின் மின் இணைப்பு அடுத்த தடையாக நின்றது. பழைய ஆலை விட்டுச் சென்ற மின் கட்டண நிலுவையைச் செலுத்தினால்தான் அந்த வளாகத்துக்குப் புதிய இணைப்பு என்றார்கள். யாரோ வைத்த பாக்கியை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று உறுப்பினர்கள் கொதித்தனர். வழக்குப் போடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் விதிமுறை அனுமதிக்கும் இடங்களில் முந்தைய உரிமையாளரின் நிலுவையைப் புதிய உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேரள மின்வாரிய வழக்கில் தீர்ப்பளித்திருந்ததை எங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். அதன் பின் வழக்கை விட்டு, நிலுவைத் தொகையை நிலத்தின் விலையில் கழித்துக்கொள்ளும்படி பேசி முடித்தோம். மூடிய ஆலையின் இடத்தை எடுப்போர், விலை பேசும் முன்பே பழைய மின் இணைப்பு எண்ணைக் கண்டுபிடித்து நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் பெற்றுவிட வேண்டும். விலை ஆணை வந்த பிறகு அந்தத் தொகை உங்கள் தலையில் மட்டுமே விழும்.

கருவேலத்தை அகற்றியது பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மூட்டம் போட்டுக் கரி சுடுவோர் மரத்தை இலவசமாக வெட்டிக்கொள்ள ஆவலோடு வருவார்கள். நமக்குச் செலவில்லை என்று தோன்றும். ஆனால் அவர்கள் தரைமட்டத்தில் வெட்டிக் கட்டையை எடுத்துக்கொண்டு போனால், அடுத்த ஐப்பசி மழைக்குள் ஒவ்வொரு தூரிலிருந்தும் நான்கைந்து கிளைகள் பீறிட்டு வந்துவிடும். தூரோடு பிடுங்கித் தருவதாக எழுதிக் கொடுத்தவருக்கே விறகைக் கொடுத்தோம். தூர் பிடுங்கிய குழிகளை நிரப்பிச் சமன் செய்யும் செலவு எங்களுடையதாயிற்று. பழைய உறைபதனக் கூடத்தின் தரையும் கழிவுநீர்க் கால்வாயும் கெடாமல் இருந்தன. அவற்றை இடித்துவிடச் சொன்ன பொறியாளரின் யோசனையை ஏற்காதது நல்லதாயிற்று, கருவாட்டுக் கூடம் இப்போது அந்தத் தரையின் மேல்தான் நிற்கிறது.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட எங்களை யோசிக்க வைத்தது. உச்சிப்புளிப் பகுதி மணல் மேட்டில் நன்னீர் ஊற்று உண்டு, தென்னந்தோப்புகள் அதனால்தான் பிழைக்கின்றன. ஆனால் அது கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படுகை. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறிச் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளையும் கெடுத்துவிடும். முதலில் கொடுத்த வரைவுத் திட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இருந்தது; ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் அதை மறுத்தார்கள், அவர்கள் மறுத்தது சரியே. எனவே எந்தத் தொழிலை உள்ளே விடுவது என்பதைத் தண்ணீரை வைத்தே தீர்மானித்தோம். பாசியைக் கடல்நீரிலேயே அலசலாம். கருவாட்டுக்கும் மிளகாய் ஆலைக்கும் தேவை மிகக் குறைவு. நண்டுச் சதை பிரிக்கும் கூடத்துக்கு நாள்தோறும் நன்னீர் நிறைய வேண்டும் என்பதால், வருமானம் கூடுதலாக இருந்தும் அதை ஏற்கவில்லை. கூரைகளில் விழும் மழைநீரை முழுவதும் சேர்க்க, வளாகத்தின் தாழ்ந்த மூலையில் நம் ஊர் ஊருணியைப் போலச் சரிவான கரையுடன் குளம் வெட்டி, அடியில் களிமண் மெத்தியிருக்கிறோம்.

கடலுக்கு அருகில் இருப்பதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி தனியொரு பயணம். மனையின் வடக்கு விளிம்பு, கடல்நீர் ஏறும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், அதாவது அந்த மண்டலத்துக்குள், விழுந்தது. கோட்டைக் குறிக்கும் வரைபடத்தை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றுள் ஒன்று. வரைபடம் கைக்கு வந்த பின் அந்த விளிம்பில் நிரந்தரக் கட்டடம் எதையும் வைக்காமல், மீனவர்களின் உலர்களமாக மட்டும் விட்டு, கொட்டகைகளைத் தெற்கே நகர்த்தி வரைந்தோம். மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவில் கோப்பு தடையின்றி நகர்ந்ததற்கு அந்த மாற்றமே காரணம் என்று கருதுகிறேன். பாசி வளர்ப்பை வடகடலில் மட்டுமே செய்வோம் என்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்ததும் முக்கியமானது. தென்கடலான மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. குருசடைத் தீவை ஒட்டிய பவளப் பாறைகளில் கப்பாபைகஸ் படர்ந்து பவளத்தை மூடிய கதையை இக்கரையில் அறியாதவர் இல்லை. அந்தப் பாறைகள் அழிந்தால் நாங்கள் கட்டிய கொட்டகைகளால் யாருக்கும் பயனில்லை.

பணம் திரட்டியதில் ஒரு முடிவை இன்றும் சரியென்றே நினைக்கிறேன். குறு, சிறு தொழில் குழுமத் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 5 கோடி முதல் 10 கோடி ரூபாய் வரையிலான பொது வசதி மையத்துக்கு 70 விழுக்காடு மத்திய மானியம் உண்டு. எங்களுக்கு உண்மையில் வேண்டியது அதைவிட மிகச் சிறியது. மானியத்துக்காக மதிப்பீட்டை ஊதிப் பெரிதாக்கினால், பங்குத்தொகையும் பராமரிப்பும் பாசி எடுக்கும் பெண்களின் தலையில் ஏறும். ஆகவே பொதுக் கொட்டகையை உறுப்பினர் பங்கிலிருந்து கட்டினோம். தனித்தனிக் கூடங்களுக்கு உறுப்பினர்கள் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடன் பெற்றனர். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை அதில் வரம்பு. இராமநாதபுரம் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் 2018 முதல் இருப்பதால், இங்கு விண்ணப்பிப்போர் சிறப்புப் பிரிவில் வந்து கிராமப்புறத்தில் 35 விழுக்காடு மானியமும் 5 விழுக்காடு சொந்தப் பங்கும் என்ற சலுகையைப் பெறலாம். வங்கிக் கிளைகளில் சிலர் இதை அறியாமல் பொதுப் பிரிவுக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். நெறிமுறையின் அந்தப் பக்கத்தை அச்சிட்டு உடன் கொண்டு போவது நல்லது.

மிளகாய் ஆலை வந்தது எதிர்பாராத நன்மை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் மாசி, பங்குனியில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. கடல் வேலை குறையும் நாட்களில் கூலிக்கு வெளியூர் போய்க்கொண்டிருந்த சிலர் இப்போது காம்பு நீக்கும் வேலையில் இருக்கிறார்கள். கடலோரத் தொழிலையும் கரிசல் காட்டு விளைச்சலையும் ஒரே வளாகத்தில் வைக்கும்போது ஆண்டு முழுவதும் விளக்கெரிகிறது.

வளாகத்துக்குள் மீதம் இருப்பவை இரண்டு சிறு மனைகள். அவற்றைப் பச்சைப் பாசியைப் பிழிந்து பயிர் ஊக்கித் திரவம் எடுக்கும் கூடத்துக்கென்று நிறுத்தி வைத்திருக்கிறோம். இத்தகைய உயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டதால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பிழிந்த பின் வரும் கழிவுநீர் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும். வளமாவூரில் 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவிலிருந்து தரமான விதைப்பாசி கிடைக்கத் தொடங்கினால் இந்தக் கூடத்துக்குச் சரக்கு போதும். கழிவுநீர் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். அறிக்கை வந்ததும் இசைவு விண்ணப்பத்தைப் பதிவேற்றுவோம், அது கிடைக்கும்வரை அந்த மனைகளை வேறு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று உறுப்பினர் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம்.