பதினைந்தாம் நம்பர் திரும்பி வந்தபோது

மகள் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "இந்த ஒரு மேட்ச்சுக்காவது என்கூட வாங்கப்பா" என்று இரண்டு வாரம் விடாமல் கேட்டாள். 2024 டிசம்பர் 7, எஸ்.இ.சி. சாம்பியன்ஷிப். பல்கலைக்கழக அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் தொடர் ஒன்றின் இறுதி ஆட்டம் அது. அந்த வருடம்தான் எஸ்.இ.சி.க்குள் வந்திருந்த டெக்சஸோடு ஜார்ஜியா மோதுகிறது. சரி என்றேன்.

நார்த் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷனில் காரை நிறுத்தி, எலுமிச்சை சாதத்தைக் காரிலேயே சாப்பிட்டுவிட்டு அட்லாண்டாவின் மார்ட்டா ரயில் ஏறினோம். பெட்டி முழுக்கச் சிவப்புச் சட்டை. ஒருவர் குரைக்க ஆரம்பித்ததும் மொத்தப் பெட்டியும் குரைத்தது. அணியின் பெயர் புல்டாக்ஸ், அதனால் அப்படி. மகளும் குரைத்தாள்.

முதல் பாதி சுமார்தான். டெக்சஸ் 6, ஜார்ஜியா 3. அந்தப் பாதியின் கடைசி பிளேயில் (பந்து ஒரு தடவை ஆட்டத்துக்கு வந்து நிற்கும்வரை ஒரு பிளே) ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற கார்சன் பெக், பந்தை எறியக் கையை ஓங்கும்போதே மோதித் தள்ளிவிட்டார்கள். வலது முழங்கை, எறிகிற கை. இடைவேளைக்குப் பிறகு அவருக்குப் பதிலாக கன்னர் ஸ்டாக்டன் வந்தார். ஜார்ஜியாவின் வடக்கு மலைப்பக்கம், ராபன் கவுண்டியில் பள்ளி முடித்த பையன். வந்ததும் முதல் வாய்ப்பிலேயே அணியை 75 கெஜம் நகர்த்தி டச் டவுனில் கொண்டுபோய் விட்டார். பந்தோடு எதிரணியின் எல்லையைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. எங்கள் வரிசையில் யாரும் அப்புறம் உட்காரவில்லை.

கடைசி அரை நிமிடத்தில் டெக்சஸ் ஒரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, மூன்று புள்ளி) அடித்து 16-16 ஆக்கியது. 1992 முதல் நடக்கும் இந்த இறுதி ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஓவர்டைமில் இரண்டு அணிக்கும் ஒவ்வொரு வாய்ப்பு, எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்து. டெக்சஸுக்கு மூன்று புள்ளிதான் கிடைத்தது.

எங்கள் முறை. ஸ்டாக்டன் பந்தோடு தானே ஓடினார். எல்லைக்கு நாலு கெஜம் இருக்கும்போது விழுந்த அடியில் ஹெல்மெட் தனியாகத் தெறித்துப் போனது. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. எழுந்துவிட்டார். ஆனால் ஹெல்மெட் கழன்றால் அடுத்த ஒரு பிளேவுக்கு வெளியே நிற்க வேண்டும், அது விதி.

மேல் அடுக்கிலிருந்து முகம் தெரியாது, சட்டை நம்பர்தான் தெரியும். 14 வெளியே நடந்தது. மகள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அப்பா, பதினஞ்சு! பதினஞ்சு வர்றான்!" பெக். அந்தக் கையோடு. எறிய முடியாது என்பது அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும், டெக்சஸுக்கும் தெரியும். பந்தை வாங்கி, அதோடு ஓடுகிற ஆட்டக்காரர் ட்ரெவர் ஈட்டியெனிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொடுத்தார். ஈட்டியென் நாலு கெஜத்தையும் ஓடிக் கடந்தார். 22-19.

2002-ல் ஆன்டிகுவாவில் தாடையில் கட்டோடு கும்ப்ளே பந்து வீசியதை டி.வி.யில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதற்கப்புறம் ஒரு விளையாட்டு என்னை அப்படி ஆக்கியது இதுதான். பெக்குக்கு முழங்கைத் தசைநாரில் அடி, பிறகு அறுவை சிகிச்சையே செய்தார்கள். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவர் செய்தது அந்த ஒரு காரியம்தான். ஆனாலும் ஜார்ஜியா ஜெயித்த கதையை யாருக்குச் சொன்னாலும் நான் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

திரும்பும்போது மகளுக்குக் குரலே இல்லை. ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டில் கை கழுவும்போது பார்த்தேன், மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.