ஆறே முக்காலுக்கு போன கரண்ட்

எம்சிஆர்ல வேலை பாக்குற யாரைக் கேட்டாலும் பயம்னா ஒண்ணைத்தான் சொல்லுவாங்க, ஸ்க்ரீன் கருப்பாகிறது. மாஸ்டர் கண்ட்ரோல் ரூம்னு பேரு, ஒரு சேனல்லேர்ந்து வெளிய போற சீரியல், நியூஸ், விளம்பரம் எல்லாமே கடைசியா எங்க மேசையத் தாண்டித்தான் போகணும். நான் பதினோரு வருஷமா இந்த வேலைல இருக்கேன், பாதி வருஷம் நைட் ஷிஃப்ட்தான். சேர்ந்த புதுசுல சீனியர் அண்ணன் ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு டீ குடிச்சிக்கிட்டே பிரிட்டன்ல பிபிசி 2ங்கிற சேனல் ஆரம்பிச்ச அன்னைக்கு நடந்ததை சொன்னார். அப்போ சும்மா கேட்டுக்கிட்டேன், அது மனசுல இறங்க எனக்கே அப்படி ஒரு ராத்திரி வரவேண்டியிருந்தது.

1964 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. அதுவரைக்கும் பிரிட்டன்ல ரெண்டே சேனல், ஒண்ணு பிபிசி, இன்னொண்ணு 1955ல வந்த ஐடிவி. மூணாவதா பிபிசி 2 அன்னைக்கு சாயங்காலம் 7.20க்கு தொடங்கணும். இது பழைய டிவில தெரியாது, ஏன்னா அதெல்லாம் படத்த 405 லைனா, அதாவது 405 கோடா காட்டுற செட், புது சேனல் 625 லைன்ல, யுஹெச்எஃப்ங்கிற வேற அலைவரிசைல வருது, அதுக்கு தனி செட்டும் தனி ஆன்டெனாவும் வேணும். முதல்ல லண்டன் பக்கம் மட்டும்தான், பர்மிங்ஹாமுக்கே அந்த வருஷம் டிசம்பர்லதான் போச்சு. அப்போ யோசிச்சுப் பாருங்க, காசு செலவு பண்ணி புது செட் வாங்கி வச்சு, வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு காத்திருக்கிறவங்களுக்குத்தான் அன்னைக்கு அந்த சேனலே. ஏற்பாடும் சாதாரணமா இல்ல. ஒரு காமெடி ஷோ, சோவியத் நாட்டு நகைச்சுவை நடிகர் அர்காதி ரைக்கின், 'கிஸ் மீ கேட்' இசை நாடகம், கடைசில வாணவேடிக்கை. விளம்பரத்துக்கு ஒரு அம்மா கங்காருவும் குட்டியும் வரைஞ்சு ஹுல்லபலூ, கஸ்டர்ட்னு பேரெல்லாம் வச்சிருந்தாங்க.

6.45 வாக்குல பேட்டர்சீ பவர் ஸ்டேஷன்ல தீ. மேற்கு லண்டன்ல பெரும்பகுதி இருட்டாச்சு, பிபிசி டெலிவிஷன் சென்டரும் அதுக்குள்ளதான் இருக்கு. தொடங்க இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம்!

அந்த முப்பத்தஞ்சு நிமிஷம் எப்படி இருந்திருக்கும்னு எனக்கு தெரியும்னு நினைக்கிறேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி 11.40க்கு எங்க பில்டிங்ல கரண்ட் போச்சு, ஜென்செட் எடுக்கல, யுபிஎஸ்ஸும் கையவிட்டுடுச்சு. மானிட்டர் சுவர்ல பதினாறு படம் ஓடிட்டு இருந்தது, ஒவ்வொண்ணா அணைஞ்சு கடைசியா மூலைல இருந்த ஒண்ணு மட்டும் ரெண்டு செகண்ட் பச்சையா நின்னு போச்சு. ஏசி சத்தமும் நின்னுடுச்சு, அதுக்கப்புறம்தான் அந்த ரூம் இவ்வளவு அமைதியா இருக்கும்னே தெரிஞ்சுது. நாலு நிமிஷம் இருபது செகண்ட். கரண்ட் வந்ததும் லேண்ட்லைன்ல ஒரு பாட்டிம்மா, "தம்பி, பாட்டு பாதில நின்னுடுச்சேப்பா, முதல்லேர்ந்து போடுவியா?"ன்னு கேட்டாங்க. பிளேலிஸ்ட்ட மாத்த எனக்கு அதிகாரம் இல்ல, ஆனாலும் போட்டேன், காலைல போய் நானே சொல்லிட்டேன்.

லண்டன்ல பிபிசியோட பழைய சேனல், பிபிசி 1, மட்டும் தப்பிச்சது, ஏன்னா நியூஸ் பிரிவு அப்போ வடக்கு லண்டன்ல அலெக்சாண்ட்ரா பேலஸ்ல இருந்தது, அங்க கரண்ட் இருந்தது. 1936ல பிபிசி டிவி ஆரம்பிச்சதே அந்த மேட்டு மேல இருக்குற கட்டடத்துலதான். புது சேனலுக்கு கைகொடுத்ததும் பழைய வீடுதான். 7.25 வாக்குல ஜெரால்ட் பிரீஸ்ட்லண்ட்னு ஒரு செய்தி வாசிப்பாளர் அங்கேருந்து பிபிசி 2ல வந்து நிலைமைய சொன்னார். அன்னைக்கு ராத்திரி அந்த சேனல்ல போனது இந்த மாதிரி சின்னச் சின்ன செய்தி அறிவிப்புதான். போட்டிக் கம்பெனியான அசோசியேட்டட் ரெடிஃப்யூஷன் கூட உங்க நிகழ்ச்சிய நாங்க ஒளிபரப்பி தர்றோம்னு கேட்டிருக்காங்க, பிபிசி வேணாம்னுடுச்சு. இதுல மட்டும் எனக்கு மனசு ஒத்துக்கல, நானா இருந்தா உடனே சரின்னு சொல்லியிருப்பேன், உக்காந்திருக்கிறவங்களுக்கு அது யார் மெஷின்லேருந்து வருதுங்கிறதா முக்கியம்.

ராத்திரி பத்து மணிக்குத்தான் இன்னைக்கு இல்ல, நாளைக்குன்னு அதிகாரபூர்வமா சொன்னாங்க. ஆறே முக்காலேருந்து பத்து மணி வரைக்கும், மூணே கால் மணி நேரம், இப்போ வந்துடும் இப்போ வந்துடும்னு எத்தனை பேர் இருட்டுல அங்கங்க நின்னிருப்பாங்க. புது சேனலப் பத்தி எழுதுறவங்க இத ஒரு வரில கடந்துடுறாங்க, நான் அந்த ஒரு வரியத் தாண்ட முடியாம நிக்கிறேன்.

மறுநாள் காலைல பதினோரு மணிக்கு கரண்ட் இருந்தது, பட்டியல்ல அடுத்து என்ன இருந்துச்சோ அது போச்சு. அது 'ப்ளே ஸ்கூல்', குட்டிக் குழந்தைங்க நிகழ்ச்சி. அப்படித்தான் பிபிசி 2ல முறைப்படி போன முதல் நிகழ்ச்சி அதுவாச்சு. சாயங்காலம் முந்தின நாள் போட முடியாததையெல்லாம் கொஞ்சம் மாத்தி போட்டாங்க. ஆரம்பமே எரியற ஒரு மெழுகுவர்த்தி, நிகழ்ச்சித் தொகுப்பாளர் டெனிஸ் டூயி அத ஊதி அணைச்சார். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

அந்தக் காலத்துல வீடியோ டேப் ரெண்டு இன்ச் அகலம், விலையும் அதிகம், அழிச்சு அழிச்சு திரும்ப பயன்படுத்துவாங்க. பிபிசியோட பிரபலமான சீரியல் 'டாக்டர் ஹூ'லயே 90 எபிசோடுக்கு மேல இன்னைக்கும் பிபிசி ஆர்க்கைவ்ல இல்ல. பிரீஸ்ட்லண்ட் பேசினதும் போயிடுச்சுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க, 2003ல ஒரு டேப் கெடச்சுது. நான் அதப் பாத்தப்போ அவர் முகத்த விட, யாரோ அத அழிக்காம விட்டிருக்காங்களேங்கிறதுதான் மனசுல ஓடிட்டே இருந்தது.

எங்க ஆபீஸ்ல எப்போ என்ன நடந்துச்சுன்னு எழுதி வைக்கிற லாக் ஷீட்டையெல்லாம் ஒரு வருஷத்துக்கு அப்புறம் தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த ராத்திரியோடத மட்டும் நான் எடுத்து வச்சிருக்கேன், 23:40:12ன்னு என் கையாலேயே எழுதினது, பக்கத்துல 'பாட்டு மறுபடி முதல்லேர்ந்து'ன்னு ஒரு வரி.