168-லிருந்து 19.6

அம்மாவுக்குப் பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நாகர்கோவிலில்தான், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. மூன்றாம் நாள் சிஆர்பி, அதாவது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு, 168. நான்காம் நாள் அங்கே லேபில் ஏதோ மருந்து தீர்ந்துபோச்சு என்று ரத்தக் குப்பியை என் கையிலேயே கொடுத்து வெளியே அனுப்பினார்கள். வெளி லேப் ரிப்போர்ட்டில் 19.6. அங்கேயே நின்று மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "நல்லா எறங்கிட்டு, இனி பயப்படாண்டாம்."

சர்ஜன் தாளை வாங்கி, எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "தம்பி, யூனிட்டப் பாத்தியா? நம்ம லேப் லிட்டர் கணக்கு, இது டெசிலிட்டர் கணக்கு. பத்தால பெருக்கு."

196. அதாவது ஏறியிருக்கிறது. சாயங்காலமே சிடி ஸ்கேன் எடுத்தார்கள், தையல் போட்ட இடத்தில் கசிவு.

திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் நாள் முழுக்க டேட்டாவோடு மாரடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. யூனிட்டைப் பார்க்கவில்லை!

அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்ததுதான் இதெல்லாம். சிஆர்பி கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம், 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. உடம்பில் கத்தி பட்டாலே யாருக்கும் ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய்விட்டு இறங்க வேண்டும். குடல் ஆபரேஷன் ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வந்த கட்டுரையில், மூன்றாம் நாள் 172-க்குக் கீழே என்றால் கசிவு இல்லை என்று 97 சதவீதம் நம்பலாம் என்கிறார்கள். மேலே போனாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் கசிவு. அம்மாவுக்கு 168. அந்த 97-இல் அம்மா இல்லை.

இதற்குத்தான் மெஷின் லேர்னிங், பழைய பதிவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை. ஒரே எண்ணுக்கு ஒரு கோடு கிழிக்காமல் சிஆர்பி, ஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதம், வெள்ளணுக்களின் விகிதம், வயது, சர்க்கரை, அதோடு நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் பழைய நோயாளிகளின் பதிவுகளில் படிக்க வைத்தால் ஆளுக்கு ஏற்ற மாதிரி ஆபத்தைக் கணித்துச் சொல்லும். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பாஸ்டனில் இரண்டு மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது: பல டெஸ்டுகளில் முடிவைவிட, அதை எத்தனை மணிக்கு எடுக்கச் சொன்னார்கள் என்பதே நோயாளி பிழைப்பாரா என்பதை நன்றாகக் காட்டியதாம். சரிதானே, ராத்திரி மூன்று மணிக்கு ஒரு டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்கிறார் என்றால் அவருக்கு ஏற்கெனவே ஏதோ உறுத்தியிருக்கிறது. எங்களுக்கும் அந்த நான்காம் நாள் டெஸ்டை யாரும் முதலில் எழுதவில்லை. காலையில் அம்மா "கஞ்சி வேண்டாம் மக்கா, வயிறு என்னமோ போல இருக்கு" என்று கிண்ணத்தைத் தள்ளியதை ட்யூட்டி சிஸ்டர் போய்ச் சொன்ன பிறகு எழுதியது.

அம்மா வீடு திரும்பியதும் மஞ்சப்பையில் இருந்த ரிப்போர்ட்டுகளை எக்ஸெல்லில் ஏற்ற உட்கார்ந்தேன். இரண்டு லேப், இரண்டு யூனிட், அம்மா பெயரையே ஆளுக்கொரு விதமாக அடித்திருக்கிறார்கள். 19.6-ஐ அப்படியே ஏற்றியிருந்தால் மெஷின் லேர்னிங் மாடலும் என்னைப் போலவே அக்காவுக்குப் போன் போட்டிருக்கும். இரண்டாம் நாள் தாளில் மை மங்கி, கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.